சேதாரம்

வியாழக்கிழமை இரவு எட்டரைக்குத்தான் திறப்போம்.
பகலில் திறந்தால் யார் வருவார்கள்?
எல்லோருக்கும்தான் வேலை இருக்கிறதே.

பெயரிலேயே அரிசி உள்ள ஊராச்சே
அரிசிப்பாளையம் என்று
பெர்னதெத் அக்கா வாரம் தவறாமல் சொல்வார்.
வாரம் தவறாமல் நாங்களும் சிரிப்போம்.
மாதா கோயில் கூடத்துக்குப் பின்னால் சின்ன அறை.
முன்பு டியூஷன் நடந்தது.
கரும்பலகையில் பதினேழாம் வாய்ப்பாடு
பாதி அழிந்து நிற்கிறது.

லீ பஜாரில் இருக்கிறது உணவு வங்கியின் கிட்டங்கி.
அங்கிருந்து குட்டியானை ஏழு மணிக்கு வரும்.
நசுங்கிய எண்ணெய் டின்,
தையல் விட்ட பருப்பு மூட்டை,
இன்னும் பத்தொன்பது நாள் ஆயுசுள்ள பிஸ்கட்,
லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள் என்று
கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய சேமியா.
கோட்டையில் ஒரு தர்கா,
குகையில் ஒரு தறிக்கூடத்து மாடி,
அம்மாப்பேட்டையில் ஒரு மெக்கானிக் கடை,
அப்புறம் நாங்கள்.
இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஜமாலுதீன் ஓடிவிடுவார்.
எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாது.

அரிசி கேட்டு யாரும் வருவதில்லை.
அரிசி ரேஷனில் கிடைக்கிறது.
மாசம் இருபது தாண்டினால்
அரிசியோடு பிசையத்தான் ஒன்றும் இருப்பதில்லை.

ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நின்றவள்
இங்கேயும் நிற்கிறாள், உட்காரச் சொன்னாலும்.
சாப்பாடு டெலிவரி பண்ணும் பையன்
பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தான்.
ஊருக்கே பிரியாணி சுமந்த பெட்டியில்
அரைக் கிலோ பாசிப்பருப்பு
உருண்டு உருண்டு போயிற்று.

பகலில் நான் செவ்வாய்ப்பேட்டை
வெள்ளிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன்.
கொலுசுக்குக் கொடுத்த வெள்ளி இவ்வளவு,
கொலுசாகத் திரும்பியது இவ்வளவு,
நடுவில் காணாமல் போனது இவ்வளவு.
கொஞ்சம் நெருப்பு தின்னும், கொஞ்சம் அரம் தின்னும்,
மீதியைக் கை கழுவும் தண்ணீர்.
அந்தத் தண்ணீரையும் தொட்டியில் பிடித்து
வருஷம் ஒருமுறை வடிகட்டி எடுத்துவிடுவார் முதலாளி.
இருந்தும் சேதாரம் கூடினால் கூலியில் பிடிப்போம்.
பிடிப்போம் என்ன,
பிடிக்கிறது நான்தான். நீல மையில்.

போன வியாழன் மழை.
வரிசையில் ஒன்பதாவது ஆள் அர்த்தநாரி.
பட்டறையில் என் மேஜைக்கு எதிரே
பதினோரு வருஷமாகப் பொடி வைத்து ஊதுகிறவர்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
நான் நோட்டைப் பார்த்தேன்.

பேரு?
சொன்னார். தெரியாத பெயரைப் போல
எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டேன்.
வீட்டில எத்தனை பேரு?
அஞ்சுங்க.
வேலை?
இருக்குங்க.
வேலை இருக்கு என்று எழுதினேன்.
அந்தப் பக்கம் முழுக்க
மேலிருந்து கீழே அதையேதான் எழுதியிருந்தேன்.

இந்தத் தராசுக்கு ஒரு பக்கம் சாய்கிற வியாதி.
துவரம்பருப்பைக் கொட்டினேன்.
எடை பார்த்தே பழகிய கண், சும்மா இருக்குமா?
"அம்பது கிராம் கூட இருக்குதுங்க" என்றார்.
முதல்முறையாக நிமிர்ந்தேன்.
"இருக்கட்டுங்க. சேதாரம்."

சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.
மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.
எண்ணெய் டின்னின் நசுங்கிய இடத்தைக்
கட்டை விரலால் தடவியபடி படியிறங்கினார்.

வெள்ளி காலை பத்து மணி.
கொலுசுகள் எடைக்கு வந்தன.
அர்த்தநாரி கணக்கில்
ஒரு கிராம் நூற்று இருபது மில்லி குறைந்தது.
எழுதினேன்.
பேனா மாறவில்லை, மையும் மாறவில்லை.

"பருப்பு நல்லா வெந்துச்சுங்க" என்றார்,
மெதுவாக, மேஜைக்கு மட்டும் கேட்கிற மாதிரி.
தலையாட்டினேன்.
தராசின் கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.
மூச்சுப் பட்டாலே எண் மாறிவிடும் தராசு அது.